மறு: செட்டிங் பவுடர், செட்டிங் ஸ்பிரே – இரண்டுக்கும் ஒரே சொல்லா?

செம்பூரிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம்.

மணப்பெண் ஒப்பனைக் கையேட்டுக்கான தமிழ்ச் சொற்பட்டியலில், போட்ட ஒப்பனை கலையாமல் நிற்கச் செய்வதைக் குறிக்கும் ‘செட்டிங்’ வரும் இடமெல்லாம் ‘நிலைநிறுத்தி’ என்று போட்டிருக்கிறார்கள். நிலைநிறுத்தித் தூள், நிலைநிறுத்தித் தெளிப்பு. காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரஷ்ஷும் கையுமாக நிற்கும் பெண் இதைப் படித்தால், இரண்டும் ஒரே வேலைக்குத்தான், ஒன்று போட்டால் மற்றது வேண்டாம் என்று எடுத்துக்கொள்வாள்.

தூளின் வேலை உறிஞ்சுவது. டால்க், சிலிக்கா, மாவுச்சத்து, எதில் செய்ததானாலும் ஃபவுண்டேஷன் (முகத்துக்கு ஒரே சீரான நிறம் தரும் பூச்சு) மேல் நிற்கும் பிசுபிசுப்பையும், நேரம் போகப் போகத் தோலில் ஊறும் எண்ணெயையும் அது வாங்கிக்கொள்ளும். ஸ்பிரே எதையும் உறிஞ்சாது. அதிலுள்ள ஆல்கஹாலும் தண்ணீரும் ஆவியானதும், கரைந்திருந்த பாலிமர் மெல்லிய படலமாக முகத்தில் தங்கும். லேபிளில் பிவிபி, அக்ரிலேட்ஸ் கோபாலிமர் என்றெல்லாம் இருப்பது அதுதான்.

மும்பை மழைக்காலத்தில் இந்த வித்தியாசம் முகத்திலேயே தெரியும். தூளை மட்டும் நம்பினால் வியர்வையில் நனைந்து மேலுதட்டிலும் நெற்றியிலும் திட்டுத்திட்டாக நிற்கும். ஸ்பிரேயை மட்டும் நம்பினால் மூக்கோரத்தில் படலத்துக்கு அடியில் எண்ணெய் சேர்ந்து, ஃபவுண்டேஷன் இடம் விட்டு நகரும்.

தூளுக்கு ‘ஒற்றுத்தூள்’ என்று வைக்கலாம். மையொற்றுத்தாள் ஏற்கெனவே நம்மிடம் உண்டு. இன்னொரு வசதி, பஃபைத் தேய்க்கக் கூடாது, ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும் என்ற செய்முறையும் பெயருக்குள்ளேயே வந்துவிடுகிறது. ஸ்பிரேக்கு என்ன சொல்லலாம்?

மாட்டுங்காவிலிருந்து:

ஒற்றுத்தூளுக்கு என் ஓட்டு. ஸ்பிரேக்கு ‘ஊன்றுதெளிப்பு’ எப்படி? துணியில் சாயம் பிடிக்கச் சேர்க்கும் படிகாரம் போன்றவற்றை வேதியியல் பாடநூல்களில் ‘நிறமூன்றி’ என்கிறோமே, அந்த வழியில்.

பட்டியலில் இன்னொரு சிக்கல். ஃபவுண்டேஷனுக்கு ‘அடித்தளம்’ என்று இருக்கிறது. மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், பிரைமர் எல்லாம் போட்டு நாலாவதாக வருவது எப்படி அடித்தளமாகும்? கீழே போவது பிரைமர். பெயின்டர்கள் சுவரில் முதலில் அடிப்பதும் அதே பெயரில்தான். ஆகவே பிரைமர் ‘முன்பூச்சு’, ஃபவுண்டேஷன் ‘நிறப்பூச்சு’. ‘அரிதாரம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது ஆர்செனிக் கலந்த மஞ்சள் தாதுவின் பெயர், கூத்து மேடையோடு இருக்கட்டும் :)

முலுண்டிலிருந்து:

> ஸ்பிரேக்கு ‘ஊன்றுதெளிப்பு’ எப்படி?

ஒப்ப முடியவில்லை ஐயா. நிறமூன்றி சாயத்தோடும் இழையோடும் வேதிப்பிணைப்பு உண்டாக்குவது. ஸ்பிரே எதோடும் பிணைவதில்லை, மேலே ஒரு போர்வை விரிக்கிறது, அவ்வளவுதான். இரவு ஒப்பனையைக் கலைக்கும் கிளென்சிங் ஆயிலில் கரைந்து வந்துவிடும். ‘படலத்தெளிப்பு’ என்றால் உள்ளதைச் சொன்னதாகும்.

கடையில் அதே மாதிரி பாட்டிலில் விற்கும் மிஸ்ட்டுக்குத் தனிச்சொல் கட்டாயம் தேவை. அதில் பெரும்பாலும் தண்ணீரும் கிளிசரினும்தான் இருக்கும், படலம் விரிக்கும் பாலிமர் பொதுவாக இருக்காது. தூள் பூத்து நிற்கும் முகத்தை அது இணக்கிக் காட்டும், வியர்வையைத் தாங்காது. இதை வாங்கிவிட்டு ‘ஸ்பிரே வேலை செய்யவில்லை’ என்பவர்கள் ஏராளம். ‘ஈரத்தெளிப்பு’ என்று பிரித்துவிடலாம்.

அடுத்து, ‘பில்லிங்’. பிரைமர் மேல் ஃபவுண்டேஷன் தேய்க்கும்போது ரப்பர் தூள் மாதிரி உருண்டு வருமே, அதற்குப் பட்டியலில் ‘திரிதல்’ என்று இருக்கிறது. பேச்சில் ‘திரிதிரியா வருது’ என்போம், அதிலிருந்து எடுத்திருக்கிறார்கள். ஆனால் திரிதல் என்றதும் பால்தான் நினைவுக்கு வரும். ஃபவுண்டேஷனில் எண்ணெய் தனி, நிறம் தனியாகப் பிரிந்து புள்ளிபுள்ளியாகத் தெரிவது வேறொரு கோளாறு. ‘திரிதல்’ அதற்கே பொருந்தும்.

செம்பூரிலிருந்து:

படலத்தெளிப்பு, ஈரத்தெளிப்பு, இரண்டும் சரி. நிறமூன்றி பற்றி முலுண்ட் தம்பி சொல்வது நியாயம்.

பில்லிங்குக்கு ‘உருளுதிர்வு’ என்று வைப்போம். பதிவில் காரணத்தையும் எழுத வேண்டும். சிலிக்கோன் பிரைமர் மேல் தண்ணீர் ஃபவுண்டேஷன் போட்டதால்தான் உருளுகிறது என்று எல்லோரும் ஒரே பாட்டாகப் பாடுகிறார்கள். அதுவும் ஒரு காரணம்தான். பெரும்பாலும் கீழ் அடுக்கு காய்வதற்குள் மேல் அடுக்கைத் தேய்ப்பதால் வருகிறது. சன்ஸ்கிரீன் இரண்டு விரல் நீளம் போட்டால்தான் பலன், அதைக் குறைக்கச் சொல்ல முடியாது. அதனால் 10 நிமிடமாவது விட வேண்டும். பிரைமர் பட்டாணி அளவு போதும், அதுவும் நெற்றி, மூக்கு, மோவாயில் மட்டும். பிறகு ஒரு நிமிடம் பொறுத்து, பிழிந்த ஈர ஸ்பாஞ்சால் ஃபவுண்டேஷனை மெல்லிசாக ஒற்ற வேண்டும். போதாத இடத்தில் மட்டும் இரண்டாம் பூச்சு. உருள ஆரம்பித்துவிட்டால் மேலே மேலே பூசிச் சரிசெய்ய முடியாது. அந்த இடத்தை மட்டும் துடைத்துவிட்டு மறுபடி போட வேண்டியதுதான்.

கன்னத்துக்குச் சிவப்பேற்றும் பிளஷ்ஷில், கிரீம் பிளஷ் ஒற்றுத்தூளுக்கு முன், பவுடர் பிளஷ் பின். இதை மாற்றினால் தூள் மேல் கிரீம் இழுத்துக்கொண்டு திட்டாகும். கடைசியில் படலத்தெளிப்பு, ஒரு சாண் தள்ளி, கண்ணை மூடிக்கொண்டு. கிட்டே பிடித்தால் துளிகள் விழுந்து தூளில் வட்டம் வட்டமாகத் தெரியும். தானாகக் காயும்வரை முகத்தில் கை வைக்கக் கூடாது.

மாட்டுங்காவிலிருந்து:

ஊன்றுதெளிப்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

நடுவில் ஒப்பனையைச் சரிசெய்யும் ‘டச்-அப்’ பதிவில் ஒரு வரி சேருங்கள். ஹோமத்தின் முன் உட்கார்ந்த பெண்ணுக்கு வியர்த்தால் உடனே தூளை எடுக்கக் கூடாது. முதலில் டிஷ்யூவை மடித்து ஈரத்தை ஒற்ற வேண்டும், பிறகுதான் தூள். ஈரத்தின் மேல் தூள் விழுந்தால் அப்பிக்கொள்ளும்.

‘ஃபிளாஷ்பேக்’ இன்னும் பாக்கி. சிலிக்கா தூள் அதிகமானால் ஃபிளாஷ் படத்தில் கண்ணடியில் வெள்ளையடித்தது போல் விழுமே, அது. கண்ணாடியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது என்பதால், மண்டபத்துக்குக் கிளம்பும் முன் போனில் ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்க்கச் சொல்வது வழக்கம். ‘ஒளிவெளிறல்’ என்று நினைத்தேன், ஆனால் வாயில் நுழைய மறுக்கிறது. வேறு ஏதாவது தோன்றினால் வியாழனுக்குள் எழுதுங்கள்.