பல சர்வர்களில் தானாக ஓடும் பணிகள்: நேர அட்டவணையை எங்கே வைப்பது?

செக்காலைவாசி (கேள்வி)

வணக்கம். காரைக்குடியில் சிறிய அளவில் சர்வர் பராமரிப்புத் தொழில் செய்கிறோம். கானாடுகாத்தானில் பழைய வீடொன்றில் நடக்கும் விடுதி, ஆத்தங்குடியில் டைல் பட்டறை, தேவகோட்டையில் நகை அடகுக் கடை, கண்டாங்கிச் சேலைகளை இணையத்தில் விற்கும் கடை என வாடிக்கையாளர்கள் பலதரப்பட்டவர்கள். சேலைக் கடையின் சர்வர் மும்பையில் வாடகைக்கு எடுத்த கிளவுடில் இருக்கிறது. மற்றவை அவரவர் இடத்திலேயே இருக்கின்றன. எல்லாம் லினக்ஸ்.

இரவு பேக்கப், அடகுக் கடையின் அன்றாட வட்டிக் கணக்கு, விடுதிக்கு மறுநாள் வரவிருப்போருக்கான குறுஞ்செய்தி, மாதம் பிறந்ததும் விற்பனை அறிக்கை ஆகியவை கிரான் (லினக்ஸில் குறித்த நேரத்தில் பணிகளைத் தானாக ஓட்டும் நிரல்) மூலம் ஓடுகின்றன. அந்த வரிகள் ஒவ்வொரு சர்வரிலும் தனித்தனியே கையால் எழுதப்பட்டவை. பேக்கப்புக்கு எல்லா இடத்திலும் 0 1 * * * (நிமிடம், மணி, மாத நாள், மாதம், கிழமை என்ற வரிசை; அதாவது தினமும் இரவு ஒரு மணி) என்றே இருப்பதால், எங்கள் அலுவலகத்துச் சேமிப்புப் பெட்டிக்கு இரவு ஒரு மணிக்கு எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்து, இணைப்பு திணறுகிறது. மும்பை சர்வர் மட்டும் காலை ஆறரைக்கு அனுப்புகிறது. மின்தடையால் ஒரு பணி விட்டுப்போனால், யாராவது கேட்கும்வரை எங்களுக்குத் தெரிவதில்லை.

ரன்டெக் அல்லது ஏடபிள்யூஎக்ஸ் போன்ற மைய மென்பொருளை அலுவலகத்தில் நிறுவி, அங்கிருந்தே எல்லாப் பணிகளையும் ஏவுவது சரியா, அல்லது அந்தந்த சர்வரிலேயே விட்டுவிடுவது நல்லதா?

பள்ளத்தூர் நிர்வாகி

ஐயா, பணிகளின் வரையறை ஓரிடத்தில் இருக்கட்டும். கடிகாரம் அந்தந்த சர்வரிலேயே இருக்கட்டும். மையத்திலிருந்து ஏவினால், உங்கள் அலுவலகத்து இணைப்பு ஓர் இரவு அறுந்தாலும் ஒரு வாடிக்கையாளருக்கும் வேலை நடக்காது. நம் பக்கத்து பிராட்பேண்டை நம்பி அடகுக் கடையின் வட்டிக் கணக்கை வைக்க எனக்கு மனம் வராது.

வரையறைகளை கிட்டில் (கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) வைத்து, அன்சிபிள் (பல சர்வர்களை ஓரிடத்திலிருந்து அமைக்கும் கருவி) கொண்டு எல்லா சர்வர்களுக்கும் அனுப்புங்கள். அன்சிபிளின் கிரான் மாட்யூல் ஒரு வரியை அதன் பெயரைக் கொண்டே அடையாளம் காண்கிறது. கிரான்டேபில் (கிரான் வரிகள் இருக்கும் கோப்பு) அந்தப் பெயரை ஒரு குறிப்பாக மேலே எழுதிவைத்து, அடுத்த முறை அதைத் தேடும். பெயரை மாற்றினால் பழைய வரி அப்படியே நிற்க, புதியது கூடுதலாகச் சேர்ந்து, பணி இரண்டு முறை ஓடும். ஆகவே பெயரை மாற்றும் முன் பழையதை நீக்கச் சொல்லும் வரியையும் எழுதுங்கள். இப்போது கையால் எழுதியிருப்பவற்றுக்கு அந்தக் குறிப்பே இல்லையாதலால் அன்சிபிளின் கண்ணுக்கு அவை தெரியா. அவற்றை முதலில் நீங்களே துடைத்துவிட வேண்டும்.

ஒரு மணி நெரிசலுக்கு, நிமிட இடத்தில் சர்வரின் பெயரை விதையாகக் கொண்ட ரேண்டம் எண்ணை அன்சிபிளிலேயே கொடுக்கலாம். ஒரு சர்வருக்கு எப்போதும் ஒரே நிமிடம்தான் கிடைக்கும், ஆனால் சர்வருக்கு சர்வர் அது பெரும்பாலும் வேறுபடும்.

மின்தடைதான் இங்கே பெரிய விஷயம். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் பகல் முழுவதும் சர்வர் அணைந்திருந்தால், அந்த நேரத்துக்குரிய பணியை கிரான் பிறகு திரும்பிப் பார்க்காது. சிஸ்டம்டி டைமரில் (கிரானுக்குப் பதிலாக லினக்ஸில் உள்ள மற்றொரு நேர அட்டவணை முறை) பெர்சிஸ்டென்ட் என்ற அமைப்பை இயக்கிவைத்தால், கடைசியாக ஓடிய நேரத்தை அது வட்டில் குறித்துவைத்து, சர்வர் மீண்டதும் விட்டுப்போனதை ஓட்டும். ஆனால் எத்தனை முறை விட்டுப்போயிருந்தாலும் ஒரே ஒரு முறைதான் ஓட்டும். எனவே வட்டி ஸ்கிரிப்ட் “இன்றைய வட்டி” என்று கணக்கிடாமல், கடைசியாக வட்டி ஏறிய தேதியிலிருந்து இன்றுவரை என்று கணக்கிட வேண்டும். கடன் எண்ணும் தேதியும் சேர்ந்த வரிசை டேட்டாபேஸில் இருமுறை பதிவாகாதபடி கட்டுப்பாடும் வேண்டும். விடுதிக் குறுஞ்செய்திக்கு இந்த அமைப்பைத் தொடவே வேண்டாம். நாளை வருக என்று நேற்று போயிருக்க வேண்டிய செய்தி, விருந்தினர் அறைக்கு வந்த பிறகு போய்ச் சேர்வதைவிடப் போகாமலிருப்பதே மேல்.

கோட்டையூர்க்காரர்

மும்பை சர்வர் யுடிசி (உலகப் பொது) நேரத்தில் இருக்கிறது. நம் நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னே இருப்பதால், அங்கே ஒரு மணி என்பது நமக்குக் காலை ஆறரை. 30 19 * * * என்று எழுதினால் நமக்கு இரவு ஒரு மணி ஆகிவிடும். பேக்கப்புக்கு அது போதும்.

மாத அறிக்கைக்குப் போதாது. நமக்கு 1ஆம் தேதி இரவு ஒரு மணி என்பது யுடிசியில் முந்தைய மாதத்தின் கடைசி நாள், அந்த நாளோ 28 முதல் 31 வரை மாறும். நாள் இடத்தில் 1 என்று எழுதிவிட்டால் அறிக்கை நமக்கு 2ஆம் தேதிதான் வரும். ஸ்கிரிப்டுக்குள் தேதி கேட்டாலும் யுடிசித் தேதிதான் கிடைக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். ரெட்ஹாட் வகை லினக்ஸில் வரும் கிரோனி என்ற கிரானில் நேர மண்டலத்தைக் கிரான்டேபிலேயே குறிக்கலாம். டெபியன் வகை லினக்ஸின் வழக்கமான கிரானில் நான் அதை நம்பமாட்டேன். சிஸ்டம்டி டைமரில் நேரத்துக்குப் பின்னால் ஏசியா/கொல்கத்தா என்று எழுதினால் வேலை முடிந்தது.

இன்னொன்று, கிரானில் மாத நாளையும் கிழமையையும் சேர்த்து எழுதினால் இரண்டில் எது பொருந்தினாலும் ஓடும். “மாதத்தின் முதல் ஞாயிறு” என்று எண்ணி 0 2 1-7 * 0 என்று எழுதுகிறவர்களுக்கு முதல் ஏழு நாட்களும் ஓடும், பிறகு வரும் எல்லா ஞாயிறுகளிலும் ஓடும்.

தேவகோட்டை ரஸ்தா

பள்ளத்தூர் நண்பரோடு ஒரு விஷயத்தில் மட்டும் மாறுபடுகிறேன். ஒரு சர்வரில் ஒன்று முடிந்த பிறகே இன்னொரு சர்வரில் மற்றொன்று தொடங்க வேண்டும் என்றால், இரண்டுக்கும் தனித்தனிக் கடிகாரம் வைத்து, நடுவில் அரை மணி நேரம் விட்டு, அதற்குள் முடிந்துவிடும் என்று நம்புவது சூதாட்டம்தான். கிளைகளின் கணக்கெல்லாம் வந்து சேர்ந்த பிறகு தலைமைக் கடையில் தொகுப்பறிக்கை எடுப்பது போன்ற பணிகளுக்கு ரன்டெக் போன்றது வேண்டும். கேட்டவரின் பட்டியலில் அப்படி எதுவும் இல்லையாதலால் இப்போதைக்கு அவர் அதை நிறுவ வேண்டியதில்லை.

பேக்கப் நீண்டு, அடுத்த முறைக்கான நேரம் வந்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். கிரான் இரண்டாவதையும் தொடங்கிவிடும்; அதைத் தடுக்க எஃப்லாக் கட்டளையால் பூட்டுங்கள். சிஸ்டம்டி டைமரில் அந்தச் சேவை இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் மற்றொன்று தொடங்காது.

செக்காலைவாசி

அனைவருக்கும் நன்றி. டைமருக்கு மாறுவதென முடிவு செய்திருக்கிறோம். தோல்வியடைந்தால் மின்னஞ்சல் அனுப்பும்படி வைத்தால் கண்காணிப்புக்குப் போதுமா?

பள்ளத்தூர் நிர்வாகி

போதாது. அணைந்து கிடக்கும் சர்வர் எந்த மின்னஞ்சலையும் அனுப்பாது. பணி வெற்றிகரமாக முடிந்தபோது ஓர் இணைய முகவரியை அழைத்து, அதாவது தட்டிவிட்டு, வரச் சொல்லுங்கள். குறித்த நேரத்துக்குள் தட்டல் வராவிட்டால் எச்சரிக்கும் வேலை வேறொரு சர்வரில் நடக்கட்டும். ஹெல்த்செக்ஸ் என்ற திறந்தமூல மென்பொருளை நீங்களே நிறுவிக்கொள்ளலாம். அதை மட்டும் கிளவுடில் வையுங்கள், உங்கள் அலுவலகத்தில் வேண்டாம்.

“வெற்றி” என்பதற்கும் கவனம் தேவை. மைஎஸ்க்யூஎல்டம்ப்பின் (டேட்டாபேஸைப் பிரதி எடுக்கும் கட்டளை) வெளியீட்டை ஜிஜிப்புக்குள் (கோப்பைச் சுருக்கும் கட்டளை) குழாயிட்டால், டம்ப் கடவுச்சொல் தவறி விழுந்தாலும், ஜிஜிப் ஒழுங்காக முடிந்ததால் முழு வரியும் வெற்றி என்றே திரும்பும். மிச்சமாவது 20 பைட் அளவுள்ள ஒரு கோப்பு. வெறுமையைச் சுருக்கினால் வரும் அளவு அது. ஒரு வாடிக்கையாளரின் கோப்புறையில் ஒவ்வொரு தேதிக்கும் ஒன்றாக, எல்லாமே 20 பைட்டாக, வரிசையாக நின்றதைப் பார்த்திருக்கிறேன். முந்தைய பராமரிப்பாளர் அவற்றைப் பத்திரமாக வேறொரு வட்டிலும் பிரதி எடுத்து வைத்திருந்தார். ஸ்கிரிப்டை பாஷில் ஓட்டி, பைப்ஃபெயில் அமைப்பை (குழாயில் ஒரு கட்டளை விழுந்தாலும் முழு வரியும் தோல்வி என்று திரும்பச் செய்வது) முதல் வரிகளிலேயே இயக்குங்கள், கோப்பின் அளவு நேற்றையதில் பாதிக்கும் கீழே இறங்கினால் தட்டாமல் வெளியேறச் சொல்லுங்கள்.