கழிவுநீரைச் சொட்டுநீராகக் கொடுப்பது பாசனமா, அகற்றலா? அனுமதி எதற்குக் கேட்பது?

வரப்பு:
எங்கள் குடியிருப்பின் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து நாளொன்றுக்கு 80 கன மீட்டர் நீர் வெளிவருகிறது. பக்கத்தில் 2 ஹெக்டேர் எலுமிச்சைத் தோட்டம் இருக்கிறது. மண்ணுக்குள் 20 செ.மீ. ஆழத்தில் சொட்டுக்குழாய் புதைத்து அந்த நீரைக் கொடுக்க வரைபடம் தயாரித்தோம். அனுமதி அலுவலகம் கோப்பைத் திருப்பி அனுப்பிவிட்டது. 90 நாளுக்கான சேமிப்புக் குளம், கிருமிநீக்கம், நைட்ரஜன் கணக்கு ஆகிய மூன்றும் வேண்டுமாம். மண்ணுக்கு மேலே ஒரு சொட்டும் தலைகாட்டாத நீருக்கு எதற்கு இத்தனை கெடுபிடி? தெளிப்பானுக்கு எழுதிய விதியைச் சொட்டுநீரின் தலையில் கட்டுகிறார்கள் என்பதே என் வாதம்.

நீர்க்கணக்கு:
குளத்தைக் கேட்டதில் தவறில்லை. 2 ஹெக்டேரில் 1 மி.மீ. நீர் என்றால் 20 கன மீட்டர். வெயில் காலத்தில் உங்கள் மரங்கள் நாளுக்கு 4 மி.மீ. குடித்தால் 80 கன மீட்டரும் தீர்ந்துவிடும். மழையும் குளிருமான பருவத்தில் தேவை 1 மி.மீ. ஆகிவிடும். அப்போது மிஞ்சும் 60 கன மீட்டர் எங்கே போகும்? 90 நாளைக்கு 5,400 கன மீட்டர். மழைக்காலம் என்பதற்காகக் குடியிருப்பில் யாரும் குளிப்பதை நிறுத்துவதில்லையே.

வரப்பு:
எங்கே போகும்? மண்ணுக்குள் போகும். மணற்பாங்கான செம்மண். நாளுக்கு 4 மி.மீ. அதற்கு ஒரு பொருட்டே அல்ல. கசிவுச் சோதனை செய்து பார்த்துத்தான் சொல்கிறேன். 5,400 கன மீட்டருக்கு 3 மீட்டர் ஆழத்தில் குளம் வெட்டினால் 1,800 சதுர மீட்டர் போய்விடும், தோட்டத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. மரத்துக்கு நீர் கொடுக்க மரத்தையே வெட்டச் சொல்கிறீர்கள்.

நீர்க்கணக்கு:
அப்படியானால் உங்கள் விண்ணப்பத்தின் தலைப்பே பொருந்தவில்லை. மண் எவ்வளவு ஏற்கும் என்று பார்த்து நீர் விடுவது அகற்றல். பயிர் எவ்வளவு கேட்கும் என்று பார்த்து விடுவது பாசனம். இரண்டுக்கும் குழாயும் வால்வும் ஒன்றாகவே இருக்கலாம், வடிவமைப்புக் கணக்கு வேறு. அகற்றல் என்றால் நிலத்தடி நீர்மட்டம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, கிணறுகள் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன, சரிவின் அடியில் நீர் ஊறி வெளிவருமா என்ற கேள்விகள் வரும். நீங்களோ பாசனம் என்று எழுதி அந்தக் கேள்விகளைத் தவிர்த்துவிட்டு, குளம் கேட்டதும் மண் குடித்துக்கொள்ளும் என்கிறீர்கள்.

சொட்டுவான்:
குளத்தைப் பற்றி நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளுங்கள். கிருமிநீக்கத்தில் நான் வரப்பு பக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2020/741 விதி 2023இல் நடைமுறைக்கு வந்தது. பச்சையாக உண்ணும் விளைபொருள் நீரைத் தொடுமானால் 100 மி.லி.யில் ஈ.கோலை (மலக்கலப்பைக் காட்டும் பாக்டீரியா) 10க்கு மேல் போகக்கூடாது என்கிறது. உண்ணும் பகுதி மண்ணுக்கு மேலே இருந்து, சொட்டுநீரும் ஆகிவிட்டால் 1,000 வரை விடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வழிகாட்டியும் உயரமான பயிருக்குச் சொட்டுநீர் கொடுப்பதையே 4 மடக்கை அளவு கிருமிக் குறைப்புக்குச் சமமாகக் கணக்கில் எடுக்கிறது, அதாவது பத்தாயிரத்தில் ஒரு பங்கு. தரையொட்டிய பயிருக்கு 2 மடக்கைதான். எலுமிச்சை முதல் வகை. எல்லோருக்கும் ஒரே கிருமி அளவைக் கேட்கும் அலுவலகம் இதைப் படிக்கவில்லை என்றே தோன்றுகிறது.

நீர்க்கணக்கு:
படித்திருப்பார்கள். அந்தச் சலுகை சொட்டுநீர் சொட்டுநீராகவே இருக்கும்வரைதான். எலி கடித்த இடத்தில் குட்டை தேங்கினால் 4 மடக்கை எங்கே? கீழே விழுந்த பழத்தைப் பொறுக்கிக் கூடையில் போட்டால்? வரைபடத்தைப் பார்த்துக் கொடுக்கும் சலுகையைப் பராமரிப்புத்தான் காப்பாற்ற வேண்டும். அது யார் பொறுப்பு என்று விண்ணப்பத்தில் ஒரு வரி இருக்கிறதா?

சொட்டுவான்:
நியாயமான கேள்வி. இதில் நான் கட்சி மாறவில்லை, ஆனால் வடிவமைப்பு சரியாக இருந்தால்தான் பராமரிப்பும் நடக்கும். வரப்பு, மூன்று விஷயங்களைச் சரிபாருங்கள். குழாயின் கடைசி முனையில் நீர் நொடிக்கு 0.3 மீட்டராவது ஓடினால்தான் கசடு அடித்துக்கொண்டு போகும். 14 மி.மீ. உள்விட்டமுள்ள குழாய்க்கு அது மணிக்கு ஏறக்குறைய 166 லிட்டர், சொட்டுவான்கள் (குழாயில் நீர் சொட்டும் வாய்கள்) எடுப்பது போக. பாசனத்துக்கு மட்டும் அளவெடுத்த மோட்டார் இங்கே மூச்சுத்திணறும். அலசிய நீரை நிலத்தில் திறந்துவிடாமல் சுத்திகரிப்பு நிலையத்தின் தொடக்கத்துக்கே திருப்பிக் கொண்டுபோங்கள். அடுத்தது, மோட்டார் நிற்கும்போது புதைத்த சொட்டுவான் சேற்றை உள்ளே உறிஞ்சும். ஒவ்வொரு பகுதியின் மேட்டிலும் காற்று வால்வு இல்லையென்றால் சீக்கிரமே அடைப்புதான். நிலம் சரிவாக இருந்தால் குழாய்களைச் சமமட்டத்தை ஒட்டியே ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் மோட்டார் நின்றபின் குழாயில் மிஞ்சிய நீர் முழுவதும் பள்ளத்துச் சொட்டுவான்கள் வழியே வடிந்து, நீங்கள் தலைகாட்டாது என்று சொன்ன அதே நீர் மேலே வரும்.

வரப்பு:
120 மைக்ரான் தட்டு வடிகட்டி போட்டிருக்கிறோம். தொங்கும் திடப்பொருளும் லிட்டருக்கு 10 மி.கி.க்குள்தான்.

சொட்டுவான்:
வடிகட்டி துகளைத் தடுக்கும். குழாய்க்குள் வளரும் வழுவழுப்பான உயிர்ப்படலத்தை அது என்ன செய்யும்? அதற்குத்தான் குளோரின். கடைசிச் சொட்டுவானில் லிட்டருக்கு 1 மி.கி. அளவாவது மீந்திருக்க வேண்டும். புற ஊதா விளக்கு போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள். விளக்கைத் தாண்டிய நீரில் எந்தக் காவலும் இல்லை. ஆக, மக்கள் நலனுக்காக வேண்டாம் என்று நீங்கள் சொல்லும் கிருமிநீக்கம், சொட்டுவானின் நலனுக்காக எப்படியும் வரும்.

உவர்மண்:
குளோரின் பேச்சில் ஒரு இடைச்செருகல்: நீரில் அமோனியா மிச்சமிருந்தால் குளோரின் முதலில் அதைத்தான் பிடிக்கும். 1 மி.கி. அமோனியா நைட்ரஜனைத் தீர்த்துவிட்டு மீந்து நிற்கத் தோராயமாக 8 முதல் 10 மி.கி. குளோரின் வேண்டும். உங்கள் நீரில் மொத்த நைட்ரஜன் எவ்வளவு?

வரப்பு:
லிட்டருக்கு 25 மி.கி. உரச் செலவு மிச்சம் என்று விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறோம்.

உவர்மண்:
பெருக்கிப் பாருங்கள். ஆண்டுக்கு 29,200 கன மீட்டர். ஒரு கன மீட்டருக்கு 25 கிராம் வீதம் 730 கிலோ. ஹெக்டேருக்கு 365 கிலோ நைட்ரஜன்! எலுமிச்சை இன மரங்களுக்குப் பொதுவாக 200 கிலோவே தாராளம். மீதி நைட்ரேட்டாகி நிலத்தடி நீருக்கு இறங்கும். நீர்க்கணக்கு குளத்தைப் பற்றியும் நீங்கள் மண்ணைப் பற்றியும் சண்டை போடுகிறீர்கள். உங்கள் நிலத்தின் அளவைத் தீர்மானிப்பது நீரே அல்ல, நைட்ரஜன். ஒன்று, நிலம் 4 ஹெக்டேர் ஆக வேண்டும். ஹெக்டேருக்கு 182 கிலோ வரும். அல்லது சுத்திகரிப்பில் ஆக்சிஜன் இல்லாத தொட்டி ஒன்றைச் சேர்த்து 10 மி.கி.க்குக் கொண்டுவாருங்கள், 146 கிலோவில் நிற்கும், குளோரினும் வேலை செய்யும்.

போரானையும் சோதியுங்கள். சலவைத்தூளிலிருந்து வருகிறது; எலுமிச்சை இனத்துக்கு ஆகவே ஆகாது. மறுபயன்பாட்டில் முன்னோடியான இஸ்ரேல் சலவைத்தூளிலேயே அதற்குக் கட்டுப்பாடு விதித்தது.

வரப்பு:
பக்கத்து 2 ஹெக்டேரும் தரத் தயாராக இருக்கிறார்கள், அது சிக்கலில்லை. ஆனால் கோடையில் 160 கன மீட்டர் வேண்டும். பாதிக்கு நல்ல நீர் கலக்க வேண்டியிருக்கும்.

நீர்க்கணக்கு:
கலப்பதானால் நல்ல நீர்க் குழாயை நேராக இணைக்காதீர்கள், கழிவுநீர் அதற்குள் திரும்பி ஏறலாம். திறந்த தொட்டியில், விளிம்புக்கு மேல் இடைவெளி விட்டு விழ வேண்டும். வால்வை நம்பி இணைத்தால் கோப்பு மறுபடியும் திரும்பும், இம்முறை நானும் அவர்கள் பக்கம். மறுபயன்பாட்டுக் குழாய்கள் ஊதா நிறத்தில் இருக்கட்டும்.

இன்னொன்று: 4 ஹெக்டேரில் குளிர்பருவ மிச்சம் நாளுக்கு 40 ஆகக் குறைகிறது. குளமும் 3,600 கன மீட்டருக்கு இறங்கும்.

வரப்பு:
இறங்கினாலும் 90 நாள் என்ற எண்ணை ஏற்கமாட்டேன். எல்லா ஊருக்கும் ஒரே 90 என்பது கணக்கல்ல, வழக்கம். மாதவாரி நீர்ச்சமநிலை அட்டவணை போட்டுக் காட்டி, எங்களுக்கு எவ்வளவு என்று நாங்களே நிறுவுவோம்.

நீர்க்கணக்கு:
அதில் உடன்படுகிறேன். சராசரி ஆண்டு மழையை வைத்துப் போடாதீர்கள், திருப்பிவிடுவார்கள். பத்தாண்டில் ஒரு முறை வரும் கனமழை ஆண்டை வைத்துப் போடுங்கள்.

வரப்பு:
அதையும் மீறிக் குளம் நிரம்பி வழிந்தால்? அதற்கும் ஒரு அனுமதியா?

நீர்க்கணக்கு:
ஆம். வெளியேற்ற அனுமதி. தனிப் படிவம்.