போர்ட் மொடல் ஏ டைமிங் கியர்: பைபரா, அலுமினியமா?

ஓர்ஸ்ஹில்_30:
வண்டி 1930 போர்ட் மொடல் ஏ. போன கிழமை திருமலையிலிருந்து கன்னியா போகும் வழியில் எஞ்சின் சட்டென்று நின்றுவிட்டது. கிராங் சுற்றுகிறது, டிஸ்ரிபியூட்டர் றோட்டர் அசையவில்லை. முன்கவரைக் கழற்றினால் கேம் கியரில், அதாவது கிராங்கிலிருந்து வால்வுகளைத் திறக்கும் கேமைச் சுற்றவைக்கும் டைமிங் கியரில், ஒரு பக்கத்துப் பற்கள் வழித்துக்கொண்டு போயிருக்கின்றன. பழைய பைபர் கியர். கிராங் பக்கத்து இரும்புக் கியர் பார்வைக்கு நல்லாகத்தான் இருக்கிறது. புதியது வெளிநாட்டிலிருந்துதான் எடுப்பிக்க வேண்டும். பைபரும் இருக்கிறது, அலுமினியமும் இருக்கிறது. எதை எடுப்பது?

உப்புவெளி_கராச்:
அலுமினியம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பைபர் எப்படிப் போகும் என்பதை உங்கள் வண்டியே காட்டிவிட்டதே. முன்னறிவிப்பு எதுவும் இல்லை, ஓடிக்கொண்டிருக்கும்போதே பல் கழன்றுவிடும். அலுமினியம் போட்டால் அந்தக் கவரை இனித் திறக்கவே தேவையில்லை.

டொக்யார்ட்_றோட்:
தம்பி, அவசரப்பட்டுக் காசைக் கட்டிவிடாதீர்கள். போர்ட் கம்பனி அந்த எஞ்சினுக்கு முதலில் போட்டதே பேக்கலைட் ஏற்றிய துணிக் கியர்தான். மலிவுக்காகப் போட்டார்கள் என்று நினைக்க வேண்டாம், சத்தம் வராமல் இருக்கத்தான் போட்டார்கள். 2200 சுற்றில் 40 குதிரை வலு தரும் எஞ்சின் அது. கேம் அதில் பாதி வேகத்தில்தான் சுற்றும். எட்டு வால்வு, ஒயில் பம்ப், டிஸ்ரிபியூட்டர், இவ்வளவுதான் அந்தக் கியருக்குச் சுமை. இதற்கு அலுமினியம் எதற்கு?

இன்னொன்று. இது சைட் வால்வு எஞ்சின். வால்வுகள் பிளாக்குக்குள் சிலிண்டரின் பக்கத்தில் நிற்கின்றன, டைமிங் போனாலும் பிஸ்டனில் மோதாது. அதனால்தான் வண்டி நின்றதோடு சரி. பைபர் கியர் ஒரு பியூஸ் மாதிரி. கேம் இறுகினால் கியர் போகும், மற்றதெல்லாம் தப்பிக்கும்.

உப்புவெளி_கராச்:
ஐயா, கன்னியா வழியில் நின்றபடியால் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டார். கந்தளாய் தாண்டி ஹபரணைக் காட்டுக்குள் பொழுதுபட்டபிறகு நின்றிருந்தால்? யானை வரும்போது பியூஸ் போய்விட்டது என்று அதனிடம் சொல்லவா? பழைய வண்டியைக் கொழும்புக்கு ஓட்டிப் போகிறவனுக்குச் சத்தம் பெரிய விஷயமில்லை, போய்ச் சேருவதுதான் விஷயம்.

டொக்யார்ட்_றோட்:
அந்த வண்டியில் யானை வரும் நேரத்தில் போவதே முதல் பிழை. அது இருக்கட்டும். சூட்டில் அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். குளிரில் சரியாக வைத்த இடைவெளி எஞ்சின் சூடானதும் இறுகும். இறுகினால் விசில் மாதிரிக் கத்தும். கத்தாமலிருக்கத் தளர்வாக வைத்தால் ஐட்லிங்கில் தட்டும். அப்புறம், தேய்கிற அலுமினியத் தூள் எங்கே போகும்? அந்த எஞ்சினில் ஒயில் பில்டரே கிடையாது. தூள் முழுக்க ஒயிலோடு சேர்ந்து வெள்ளீயக் கலவை (பாபிட்) வார்த்த மெயின் பெயாரிங்கில் போய்ப் பதியும்.

உப்புவெளி_கராச்:
பைபர்த் துண்டு மட்டும் எங்கே போகுமாம்? எஞ்சின் அடியில் ஒயில் நிற்கும் சம்பில்தான் கிடக்கும், ஒயில் பம்பின் வலையை அடைக்கும். தூளாவது பரவாயில்லை.

சீனக்குடா_மைனர்:
ஏன் இவ்வளவு பாடு? நைலோன் கட்டி வாங்கி இங்கேயே வெட்டிக்கொள்ளலாமே. என்னுடைய மொரிஸ் மைனருக்குச் செயின் என்பதால் எனக்கு இந்தத் தலையிடி இல்லை :)

கிண்ணியா_லேத்:
நைலோன் வேண்டாம். ஈரத்தை உறிஞ்சி ஊதும், சூட்டில் இளகும். அதோடு இது நேர்ப்பல் இல்லை, சரிந்த பல். லேத்தில் வெட்ட முடியாது. மில்லிங் மெசினும் டிவைடிங் ஹெட்டும் வேண்டும், இரும்புக் கியரின் சரிவுக்கோணத்தோடு அச்சொட்டாகப் பொருந்தவும் வேண்டும். கோணம் கொஞ்சம் பிசகினாலும் பல்லின் ஒரு ஓரம்தான் முழுச் சுமையையும் தாங்கும். லேத் வைத்திருக்கிற நானே சொல்கிறேன், இதை வாங்குவதுதான் புத்தி.

நீங்கள் இருவரும் எதில் செய்த கியர் என்று சண்டை பிடிக்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு. கிராங்குக்கும் கேமுக்கும் நடுவிலான தூரம் இப்போது என்ன? அந்த மெயின் பெயாரிங்கை எப்போதாவது திரும்ப வார்த்துக் கடைந்திருந்தால் கிராங்கின் மையம் கொஞ்சமாவது நகர்ந்திருக்கும். தேய்ந்த பெயாரிங் என்றால் கிராங் கீழே இறங்கியிருக்கும், பல்லுக்கு நடுவில் இடைவெளி கூடியிருக்கும். அதற்காகத்தான் 5 தவ், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு பெரிதான கேம் கியரையும் விற்கிறார்கள். ஸ்டாண்டர்ட் போதுமான இடத்தில் பெரியதைப் போட்டால் பைபரும் கத்தும். தளர்ந்த இடத்தில் ஸ்டாண்டர்ட் போட்டால் எதுவும் தட்டும்.

ஓர்ஸ்ஹில்_30:
நானா, மெயின் பெயாரிங் பல வருடத்துக்கு முன் வார்த்ததுதான். உடைந்த கியரில் மிச்சமிருக்கிற நல்ல பல்லை வைத்து அளந்து பார்க்கலாமா?

கிண்ணியா_லேத்:
அளக்கலாம், ஆனால் அந்தப் பல்லின் தேய்மானமும் கணக்கில் சேர்ந்து வரும். அதை நம்பிச் சைஸ் எடுத்தால் பெரியதாகப் போய்விடும். கிராங் கியரையும் சேர்த்துப் புதிதாக எடுங்கள். கேமுக்கு முதலில் ஸ்டாண்டர்ட். இரண்டையும் பூட்டி, டயல் கேஜின் முனையைப் பல்லில் வைத்து ஆட்டிப் பாருங்கள். ஒரே இடத்தில் பார்த்துவிட்டு விடக்கூடாது, சுற்றிச் சுற்றி நாலைந்து இடத்தில் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் இறுக்கம், இன்னோரிடத்தில் தளர்வு என்றால் கியர் வட்டம் பிசகிச் சுற்றுகிறது. எல்லா இடத்திலும் ஒரே மாதிரித் தளர்வு என்றால்தான் பெரிய சைஸ். மாற்றித் தருவீர்களா என்று கடைக்காரரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

உப்புவெளி_கராச்:
கிராங் கியர் நல்லாக இருக்கும்போது அதை ஏன் மாற்ற வேண்டும்? புல்லர் போட வேண்டும், புதியதைச் சூடாக்கி ஏற்ற வேண்டும், வீண் வேலை. மெத்தென்ற பைபர் இரும்பைத் தேய்க்கவா போகிறது?

டொக்யார்ட்_றோட்:
தேய்க்கும் தம்பி. பைபருக்குள் மண்ணும் கரியும் பதிந்தால் அது அரத்தாள் மாதிரி. இரும்புப் பல்லில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், விளிம்பு தட்டுப்படும். தேய்ந்த பல்லோடு புதியதைச் சேர்த்தால் புதியதும் அந்த வடிவத்துக்கே வரும். இந்த ஒன்றில் கிண்ணியா நானா சொல்வதுதான் சரி.

கொழும்பு13:
பஞ்சிகாவத்தைப் பழைய பாகக் கடைகளில் தேடினால் பெட்டி திறக்காத பழைய பைபர் கியர் ஒன்று அகப்படலாம்.

டொக்யார்ட்_றோட்:
பெட்டி திறக்காதது என்பதுதான் பயம். அத்தனை வருடம் காய்ந்து கிடந்த பைபர். புதிதாகச் செய்ததை வாங்குங்கள்.

ஓர்ஸ்ஹில்_30:
சரி, கிராங் கியரில் நகம் தட்டுப்படுகிறது. இரண்டையும் மாற்றுகிறேன். கேமுக்குப் பைபர்தான், ஸ்டாண்டர்ட் சைஸ். உப்புவெளி அண்ணை கோபிக்க வேண்டாம், நான் திருமலையை விட்டு வெளியே ஓட்டுவது குறைவு.

உப்புவெளி_கராச்:
கோபம் இல்லை. ஆனால் தூரம் ஓடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பைபர் போட வேண்டாம். சரியாக அளந்து பூட்டினால் அலுமினியம் கத்தாது, நான் பூட்டியவை கத்தவில்லை.

கிண்ணியா_லேத்:
பூட்டுவதற்கு முன் சம்பைக் கழற்றி பம்பின் வலையைத் துடையுங்கள், உடைந்த துண்டு ஒன்றும் மிஞ்சக்கூடாது. முன்கவரைத் திரும்பவும் எடுக்கும்போது எஞ்சினுக்குக் கீழே ஜாக் கொடுங்கள், முன்பக்கப் பாரம் அந்தக் கவரில்தான் நிற்கிறது. கவரில் உள்ள கேம் அமுக்கும் ஸ்பிரிங்கையும் பாருங்கள். அது தளர்ந்திருந்தால் கேம் முன்னும் பின்னும் ஆடித் தட்டும், நீங்கள் கியரைத்தான் திட்டுவீர்கள்.

ஓர்ஸ்ஹில்_30:
டைமிங் வைக்க முன்கவரிலுள்ள பின்னைத் திருப்பிக் குத்தும் குழி புதிய கியரிலும் இருக்கும்தானே?

டொக்யார்ட்_றோட்:
இருக்க வேண்டும். வாங்கும்போதே பழையதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இல்லாததை அனுப்பினால் திருப்பி அனுப்புங்கள்.