கூல் பார்க் கிரகரி குடும்பம்: நுவரெலியா ஏரியின் பெயருக்குரியவரா?

கேள்வி (உட்லண்ட்ஸ் வாசகி):
வணக்கம். என் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து மலாயா ரயில்வே வேலைக்கு வந்தவர். அயர்லாந்தின் கால்வே நகரில் மருத்துவம் படிக்கும் மகளைப் பார்க்க ஜூன் விடுமுறையில் செல்கிறோம். அவள் அனுப்பிய படமொன்றில், கூல் பார்க் என்னும் இடத்தின் அறிவிப்புப் பலகையில் கிரகரி என்ற பெயர் இருந்தது. நுவரெலியாவின் கிரகரி ஏரிக்குப் பெயர் தந்த ஆளுநர் இக்குடும்பத்தவர்தாமா? இவர்களின் வரலாற்றை எங்கே தொடங்கிப் படிப்பது?

மறுமொழி 1 (பழஞ்சுவடி):
ஆம், அவரேதான். கிழக்கிந்தியக் கம்பெனியில் பொருளீட்டிய ராபர்ட் கிரகரி 1768இல் அந்தப் பண்ணையை வாங்கினார். அவர் வழிவந்த வில்லியம் கிரகரி 1872 முதல் 1877 வரை இலங்கையை ஆண்டார். கொழும்பு அருங்காட்சியகமும், வட மாகாணத்திலிருந்து நுவரகலாவியவைப் பிரித்து உருவாக்கிய வடமத்திய மாகாணமும் அவர் காலத்தவை.

ஆனால் அயர்லாந்தில் அவர் பெயர் வேறொன்றால் நிலைத்திருக்கிறது. உருளைக்கிழங்குப் பயிர் அழுகி மக்கள் பட்டினியால் மாண்டுகொண்டிருந்த 1847இல், நாடாளுமன்ற உறுப்பினராக அவர் கொண்டுவந்த சட்டப்பிரிவு, கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவர் அதை விட்டுக்கொடுத்தாலொழிய அரசு நிவாரணம் பெற முடியாது என்றது. கால் ஏக்கர் என்பது ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர். நம் சிங்கப்பூரின் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகள் 11ஐ அடுத்தடுத்து வைத்தால் அவ்வளவுதான். பிள்ளைகளுக்குக் கஞ்சி கிடைக்க வேண்டுமென்று குத்தகை நிலத்தைக் கைவிட்டவர்களின் குடிசைகள் பல இடிக்கப்பட்டன. அதே ஆண்டில் அவருடைய தந்தை பஞ்சக் காய்ச்சலால் இறந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். குடும்ப வரலாறு என்ற பெயரில் மாளிகையையும் விருந்தினரையும் மட்டும் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

மறுமொழி 2 (தெம்பனிஸ் கணக்கர்):
எங்கே தொடங்குவது என்பதற்கு என் பதில், கிரிஃபித் மதிப்பீடு. 1847 முதல் 1864 வரை வெளிவந்த இந்த வரிப்பதிவில், நிலத்தில் இருந்தவர் பெயர், அதையடுத்து அவர் யாரிடம் குத்தகை எடுத்தார் என்பது, பிறகு பரப்பும் மதிப்பும் என ஒவ்வொரு வரியும் ஓடும். 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகம் தீக்கிரையாகிப் பழைய மக்கள்தொகைக் கணக்குகள் பெரும்பாலும் அழிந்ததால், எளிய குடியானவரின் பெயரைத் தேடுவோருக்கு இதுவே பெருந்துணை. அதில் கூல் பார்க் அமைந்துள்ள கில்டார்ட்டன் வட்டாரத்தைப் பாருங்கள். பண்ணைகள் கைமாறிய கதைக்கு, குத்தகைதாரர் அரசுக் கடனில் நிலத்தை வாங்க வழிசெய்த 1903ஆம் ஆண்டுச் சட்டத்தைப் படிக்கலாம்.

மறுமொழி 3 (பழஞ்சுவடி):
ஒன்றை விட்டுவிட்டேன். வில்லியமின் இரண்டாம் மனைவி அகஸ்டா, டப்ளின் ஆபி நாடக அரங்கை நிறுவியவர்களுள் ஒருவர். 1941இல் கூல் பார்க் மாளிகை இடிக்கப்பட்டது. இன்று அங்கே இருப்பது அடித்தளம்தான். அருகிலுள்ள தோட்டத்தில், கவிஞர் யேட்ஸ் முதலிய விருந்தினர் தம் பெயரின் முதலெழுத்துகளைச் செதுக்கிய செம்புநிற பீச் மரம் நிற்கிறது. பட்டை வளர்ந்து எழுத்துகள் விரிந்து போயிருப்பதால், நிதானமாகப் பார்த்தால்தான் படிக்க முடியும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. கில்டார்ட்டன் பதிவை மகளோடு உட்கார்ந்து படித்துவிட்டு, அதன் பிறகே அந்த மரத்தைப் பார்க்கப் போவதாக முடிவு செய்திருக்கிறோம்.