கரண்டியில் நாலு முத்திரை: வெள்ளியா, முலாமா?

கேள்வி:
லண்டனில் ஒரு சாரிட்டி கடையில் (தானமா வந்த பழைய சாமான் விற்கும் கடை) பழைய கரண்டி ஆறு, முள்கரண்டி ஆறு இருக்கு. கரண்டிக் காம்பின் பின்னால் நாலு குட்டிக் கட்டம், உள்ளே சுருள் சுருளா எழுத்து. ஹால்மார்க் மாதிரி தெரியுது. முள்கரண்டியில் டபிள்யூ.எம்.எஃப். என்ற ஜெர்மன் கம்பெனி பேர், பக்கத்தில் 90. அப்போ 90 சதவீத வெள்ளியா? காந்தம் எதிலும் ஒட்டலை.

பதில் 1:
லென்ஸ் வெச்சு அந்தச் சுருளைப் படிங்க. பெரும்பாலும் ஈ, பி, என், எஸ் என்றுதான் வரும். நிக்கல் சில்வர் மேல் மின்முலாம் என்று அர்த்தம். நிக்கல் சில்வர்னா நம்ம ஊர் ஜெர்மன் சில்வரேதான்: செம்பு, துத்தநாகம், நிக்கல். பேரில்தான் வெள்ளி. ஹால்மார்க் போலத் தோணட்டும்னே எழுத்துக்கு ஒரு கட்டமா அடிச்சிருப்பாங்க. இங்கிலாந்து ஸ்டெர்லிங்கா (92.5 சதவீத வெள்ளி) இருந்தா நடக்கும் சிங்கம் இருக்கணும்.

90 சதவீதக் கணக்கே இல்லை. 12 கரண்டி, 12 முள்கரண்டி கொண்ட செட்டுக்குச் சேர்த்துப் பூசிய வெள்ளி 90 கிராம்னு அர்த்தம். ஒண்ணுக்கு 4 கிராம்கூடத் தேறாது. உருக்கி விற்கும் ஆசை வேண்டாம். ஜெர்மன் அசல் வெள்ளியில் 800 (ஆயிரத்தில் 800 பங்கு வெள்ளி), கூடவே பிறையும் கிரீடமும் பார்க்கலாம்.

காந்தம் இரும்பு போன்றதை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். வெள்ளியும் ஒட்டாது, ஜெர்மன் சில்வரும் ஒட்டாது.

கேட்டவர்:
முத்திரை தேய்ஞ்சு போயிருந்தா?

பதில் 2:
0.1 கிராம் காட்டும் தராசு போதும். முதலில் கரண்டியை எடை போடுங்க. அப்புறம் தண்ணீர்க் கிண்ணத்தைத் தராசில் வெச்சு பூஜ்யமாக்கி, கரண்டியை நூலில் கட்டி, அடியிலும் ஓரத்திலும் படாம முழுசா முக்குங்க. அப்போ தராசு காட்டுவது கரண்டி விலக்கிய தண்ணீரின் எடை. 62 கிராம் கரண்டிக்கு 6.0 காட்டினா ஸ்டெர்லிங், 7.1 பக்கம் வந்தா ஜெர்மன் சில்வர். நீர்க்குமிழி ஒட்டியிருந்தா கணக்கு தப்பும். உள்ளே கூடான கத்திப்பிடிக்கு இது சரிவராது.

பதில் 3:
வாங்குமுன் கரண்டிக் குழியின் முதுகைப் பாருங்க. மேசையில் உரசும் இடம் அதுதான், முதலில் முலாம் போவதும் அங்கேதான். மங்கிய மஞ்சள் தெரிஞ்சா முலாம் முடிஞ்சது. கறுப்பு வேற விஷயம், அது போயிடும்: பாத்திரத்தில் அலுமினியத் தாள், லிட்டர் வெந்நீருக்கு 2 மேசைக்கரண்டி சமையல் சோடா, சில நிமிஷம். கரண்டி தாளைத் தொட்டே கிடக்கணும், இல்லேன்னா ஒண்ணும் நடக்காது. விபூதி, பற்பசை போட்டுத் தேய்ச்சா கறுப்போட வெள்ளியும் சேர்ந்து போகும். கத்தியை மட்டும் வெந்நீரில் போடாதீங்க. பிடிக்குள் இருக்கும் பிசின் இளகி அலகு கழன்று வந்துடும்.