ஒரே செமஸ்டர்ல ஏரித் தண்ணீர் ஆய்வு: எதை வெட்டுறது?

கேள்வி: பி.எஸ்சி. வேதியியல் மூன்றாம் வருஷம். ஜூன்ல ஆரம்பிக்கிற செமஸ்டர்ல தனி ஆய்வு. சென்னையில வேளச்சேரி, சேத்துப்பட்டு, போரூர், பள்ளிக்கரணை, அடையாறு முகத்துவாரம்னு ஐந்து இடம், பிஎச், டிஓ (தண்ணீர்ல கரைஞ்ச ஆக்சிஜன்), பிஓடி (நுண்ணுயிர் கழிவைச் சிதைக்கத் தேவைப்படுற ஆக்சிஜன்), சிஓடி (ரசாயனத்தால சிதைக்கத் தேவைப்படுற ஆக்சிஜன்), நைட்ரேட் உள்பட பத்து சோதனை, இடத்துக்கு ஒரு தடவைன்னு திட்டம் போட்டேன். ரொம்பப் பரந்து இருக்குன்னு கைடு திருப்பிட்டாங்க. லேப்ல டிஓ மீட்டர் இல்லை. பியூரெட், இன்குபேட்டர் உண்டு.

கரையோரம் (பதில் தர்றவர்): கைடு சொன்னது சரி. இடத்துக்கு ஒரு தடவை எடுத்தா, ஏரிக்கு ஏரி வித்தியாசமா, வேளைக்கு வேளை வித்தியாசமான்னு பிரிச்சுச் சொல்லவே முடியாது. பாசி பகல்ல ஆக்சிஜனை விடும், ராத்திரி எல்லாமே அதைச் சுவாசிச்சுத் தீர்க்கும். அதனால விடியற்காலை டிஓ-வும் மதியம் 2 மணி டிஓ-வும் ஒரே ஏரியில பெரிசா மாறும்.

ஒரே ஏரி எடுங்க, வேளச்சேரி போதும். தண்ணீர் உள்ளே வர்ற இடம், நடுக்கரை, வெளியேறுற இடம்னு மூணு புள்ளி. காலை 6, மதியம் 2. வாரம் ஒரு நாள், எட்டு வாரம். 48 சாம்பிள், ரெண்டு ரெண்டா பண்ணா டிஓ-வுக்கு 96 டைட்ரேஷன் (பியூரெட்ல கரைசலைச் சொட்டுச் சொட்டா விட்டு அளக்குறது). ஒரு ஆளால முடியும். ஜூலையிலேயே ஆரம்பிங்க, அக்டோபர் பின்பாதியில வடகிழக்குப் பருவமழை வந்தா தண்ணீர் நீர்த்துப்போய்ப் பழைய அளவோட ஒப்பிட முடியாது.

பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022ல ராம்சர் பட்டியல்ல (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களோட பட்டியல்) வந்த இடம், வனத்துறை அனுமதி வேணும். அதுக்கே பாதி செமஸ்டர் போயிடும். முகத்துவாரத்துல கடல் தண்ணீர் ஏறும். அந்தக் குளோரைடு சிஓடி சோதனையைக் கெடுக்கும். அதை அடக்கப் பாதரச உப்பு போடணும், அந்தக் கழிவை யார் வாங்கிக்குவாங்க? சிஓடியை விட்டுடுங்க.

கேள்வி கேட்டவர்: நன்றிங்க. சாம்பிளை ஐஸ் பெட்டியில லேபுக்குக் கொண்டுவந்து டிஓ பாக்கலாமா?

டைட்ரேஷன் (பதில் தர்ற இன்னொருத்தர்): கூடாது தம்பி. வழியிலேயே நுண்ணுயிர் ஆக்சிஜனைத் தின்னுடும். கரையிலேயே ரசாயனம் சேர்த்து ஆக்சிஜன் அளவு மாறாம நிலைநிறுத்தணும்.

வாளியில மொண்டு ஊத்தாதீங்க, காத்து கலந்து அளவு கூடிடும். 300 மி.லி. பாட்டிலோட அடி வரைக்கும் ரப்பர் குழாயை விட்டு நிரப்பி, ரெண்டு மூணு மடங்கு வழிய விடுங்க. குமிழி ஒண்ணுகூட நிக்கக் கூடாது. பிப்பெட் நுனியைத் தண்ணிக்குள்ளே வச்சு 2 மி.லி. மாங்கனஸ் சல்பேட், 2 மி.லி. அல்கலி அயோடைடு அசைடு விட்டு, மூடி, தலைகீழாப் பலதடவை புரட்டுங்க. அசைடு விஷம், கையுறை கட்டாயம். பழுப்பு வீழ்படிவு வந்தா ஆக்சிஜன் இருக்கு. வெள்ளையாவே இருந்தா இல்லை, அதையும் பூஜ்யம்னு குறிச்சுக்கோங்க. இருட்டுல வச்சு லேபுக்கு எடுத்துட்டுப் போகலாம். கந்தக அமிலத்தை ரயில்ல தூக்கிட்டு அலைய வேணாம். லேப்லயே அடர் அமிலம் 2 மி.லி. சேர்த்து வீழ்படிவைக் கரைங்க, ஆக்சிஜன் அளவுக்கு அயோடின் வெளிவரும்.

அப்புறம் 203 மி.லி. எடுத்து 0.025 நார்மல் (செறிவு அளவு) தயோசல்பேட்டால டைட்ரேட் பண்ணுங்க. 200க்குப் பதிலா 203 ஏன்னா, ரீஏஜெண்ட் 4 மி.லி. சாம்பிளை வெளியே தள்ளியிருக்கும். செலவாகுற ஒவ்வொரு மி.லி.யும் லிட்டருக்கு 1 மி.கி. ஆக்சிஜன். கரைசல் வைக்கோல் மஞ்சளுக்கு வந்த பிறகுதான் ஸ்டார்ச். முன்னாடியே போட்டா அயோடினைப் பிடிச்சுக்கிட்டு முடிவுப்புள்ளி தள்ளிப்போகும். தயோசல்பேட்டை வாராவாரம் செறிவு தெரிஞ்ச டைக்ரோமேட் கரைசலோட ஒப்பிட்டுத் திருத்துங்க. அதோட வலு மெதுவாக் குறையும். கவனிக்காம விட்டா கடைசி வாரங்கள்ல ஏரிக்கு ஆக்சிஜன் கூடினமாதிரி தெரியும்.

கரையோரம்: பிஓடிக்கு ஒண்ணு சேர்த்துக்கறேன். 20 டிகிரியில 5 நாள் வேணாம், நம்ம ஊர்ல 27 டிகிரியில 3 நாள் முறைதான் நடைமுறை. திங்கள் வச்சா வியாழன் எடுக்கலாம். வியாழன் வச்சா ஞாயிறு லேப் பூட்டியிருக்கும். மூணு நாள் கழிச்சு பாட்டில்ல லிட்டருக்கு 1 மி.கி. ஆக்சிஜனாவது மிஞ்சணும், ஆரம்ப அளவுல இருந்து 2 மி.கி.யாவது குறைஞ்சிருக்கணும். இல்லைன்னா சாம்பிளை நீர்த்த அளவு தப்பு, அந்த எண்ணை அறிக்கையில போடாதீங்க.

காலையும் மதியமும் சேர்த்துச் சராசரி எடுத்துடாதீங்க. மீன் வாழ லிட்டருக்கு 4 மி.கி. வேணும்கிறது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அளவு; மதியம் 9 காட்டுற ஏரி விடியறப்போ 2ல நிக்கலாம். மீன் செத்து மிதக்கிறது அந்த 2ஆல.