அண்ணனின் குடியை வீட்டிலேயே பூட்டி வைத்து நிறுத்தலாமா?

கேள்வி:
என் அண்ணனுக்கு 41 வயது. பத்து வருடமாகத் தினமும் குடிக்கிறார். இப்போது காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது, டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. கொஞ்சம் உள்ளே போனதும் நடுக்கம் நின்றுவிடுகிறது. சனிக்கிழமை முதல் ஒரு வாரம் அறையில் பூட்டி வைத்து, ஒரு சொட்டுகூடக் கொடுக்காமல் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் அப்பா. மனசு வைத்தால் விட்டுவிடலாம்தானே?

குடியை விட்டவர்:
தங்கச்சி, தயவுசெய்து பூட்டி வைக்காதீர்கள். என்னையும் வீட்டில் அப்படித்தான் வைத்தார்கள். முதல் நாள் வியர்வை, வாந்தி. மறுநாள் இரவு வலிப்பு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். அப்புறம் மருத்துவமனைக் கட்டிலில், சுவரெல்லாம் எறும்பு ஊர்கிறது என்று கத்தினேனாம். மனைவி சொல்லித்தான் தெரியும்.

பிறகு டாக்டர் விளக்கினார். மது மூளையை அமுக்குகிறது. தினமும் அமுக்கினால், ஈடுகொடுக்க மூளை தன் வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. மதுவைச் சட்டென்று எடுத்துவிட்டால் கூட்டிய வேகத்தைத் தடுக்க ஆளில்லை. நடுக்கம், வலிப்பு, பிதற்றல் எல்லாம் அதனால்தான். உயிரே போகலாம். நான் மனசு வைத்துத்தான் அறைக்குள் போனேன், வலிப்பு வரத்தான் செய்தது.

செவிலியர்:
அண்ணா சொல்வது சரி. கடைசியாகக் குடித்து 6 மணி நேரத்திலேயே நடுக்கம் தொடங்கலாம். வலிப்பு பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் வரும். பிதற்றல் இரண்டு முதல் நான்கு நாளில். டாக்டர்கள் டயஸெபாம் போன்ற மாத்திரையைக் கொடுத்து, அளவைப் படிப்படியாகக் குறைப்பார்கள். தயமின் என்ற பி1 வைட்டமினும் கொடுப்பார்கள், நாள்பட்ட குடியில் அது உடம்பில் வற்றிப்போயிருக்கும். இவற்றை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். டயஸெபாம் மதுவோடு சேர்ந்தால் மூச்சு அடங்கிவிடலாம். டாக்டரைப் பார்க்கும்வரை அவர் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். முன்பு எப்போதாவது வலிப்பு வந்திருக்கிறதா?

கேட்டவர்:
வந்திருக்கிறது அக்கா. இரண்டு வருடம் முன்பு காய்ச்சலில் படுத்திருந்தபோது. காய்ச்சலால் என்று நினைத்தோம். அப்போது ஒன்றரை நாளாகக் குடிக்கவில்லை என்று இப்போதுதான் உறைக்கிறது.

செவிலியர்:
டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான். உள்நோயாளியாகச் சேர்க்கச் சொன்னால் மறுக்காதீர்கள்.

குடியை விட்டவர்:
இன்னொன்று. உடம்பு ஒரு வாரத்தில் தேறிவிட்டது, ஆசை போகவில்லை. நான்காம் மாதம் மறுபடி குடித்தேன். அப்போது யாரும் திட்டவில்லை, மனைவி கூடவே வந்து டாக்டரிடம் உட்கார்ந்தாள். ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன் மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள், எனக்கு உதவியது. ஈரலைப் பரிசோதித்த பிறகுதான் அதைத் தொடங்கினார்கள். அண்ணனுக்கு எது பொருந்தும் என்று கேளுங்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் நேரில் கேட்க வேண்டும்.

கேட்டவர்:
அப்பாவிடம் இதை முழுக்கப் படித்துக் காட்டினேன். பூட்டை எடுத்து வைத்துவிட்டார். நாளை காலை மூவரும் போகிறோம்.